வலது ஏழு, இடது இரண்டு

வலது ஏழு, இடது இரண்டு. இந்த நாலு வார்த்தைகளை வைத்துக்கொண்டு நான் ஐந்து மாதம் அழுதிருக்கிறேன். இப்போது நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது. அன்றைக்கு வந்தது கோபமில்லை, பயம். சோறு இறங்காத பயம். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாரைக் கேட்பது என்று தெரியாமல் முழிக்கிற பெண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கேட்க வேண்டியதை நாங்கள் கேட்காமல் விட்டோம். எல்லாம் தெரிந்த மாதிரி நாங்களாகவே ஒரு முடிவு கட்டிக்கொண்டோம்.

என் பெயர் தனலட்சுமி, கூப்பிடுவது தனம். என் வீட்டுக்காரர் பெயர் ஏழுமலை. பெரிய காஞ்சிபுரத்தில் வீட்டிலேயே தறி போட்டு நெய்கிறவர்கள் நாங்கள். நெய்வது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், இரண்டு பக்கக் கரையும் வேறு நிறம். அதற்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். வலது பக்கம் அவர், இடது பக்கம் நான். அவர் ஊடை நூல் சுற்றிய நாடாவை வீசினால் அடுத்து நான் வீசுவேன். பிறகு அவர், பிறகு நான். ஒருவர் முறை தவறினாலும் கரை உடலோடு பிடிக்காது. இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்தொன்பது வயது. கல்யாணமாகி ஐந்து வருடம், வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. மாமியார் ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை. அவர் பேசாமல் விட்டதையும் சேர்த்துத் தெருவில் இருந்தவர்கள் பேசினார்கள். அப்புறம்தான் டாக்டரம்மாவிடம் போனோம்.

அந்த ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் கூடத்தை நான் மறக்க மாட்டேன். பிளாஸ்டிக் நாற்காலிகள், சத்தமில்லாமல் ஓடுகிற டிவி, எதிர்ச் சுவரில் கொழுகொழு குழந்தைப் படங்கள். பிள்ளை இல்லையென்று வருகிறவர்கள் முகத்துக்கு நேரே அதை மாட்டி வைக்கிறார்களே, அவர்களை என்ன சொல்வது! நர்ஸ் ஸ்டெல்லா ஒரு பாட்டில் தண்ணீரைக் கையில் கொடுத்து, "குடிச்சுக்கினே இரும்மா, முட்டினாதான் ஸ்கேன்ல நல்லா தெரியும்" என்றாள். நான் குடித்தேன். டாக்டரம்மா ஒரு பிரசவத்துக்குப் போய்விட்டார். இரண்டு மணி நேரம் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் என் கையைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே, "அடக்கிக்க தனம், அடக்கிக்க" என்றார். சிரித்தால் ஆபத்து. சிரிக்கவும் முடியாமல், அழவும் முடியாமல் இருந்தேன்.

முதலில் வயிற்றுக்கு மேலே வைத்துப் பார்த்தார்கள். பிறகு பாத்ரூம் போய்வரச் சொல்லி, உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கேன். கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். டாக்டரம்மா எண்ணுவது மட்டும் கேட்டது.

"பொண்ணுங்களுக்குச் சினைப்பை ரெண்டு இருக்குதும்மா, வலது ஒண்ணு, இடது ஒண்ணு. மாசா மாசம் அதுல குட்டிக் குட்டியா நீர்ப்பை கெளம்பும். ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு முட்டை. அதுல ஒண்ணு மட்டும் பெருசா வளந்து வெடிக்கும், மத்ததெல்லாம் சுருங்கிப் போயிடும். உனக்கு வலது பக்கம் ஏழு தெரியுது, இடது பக்கம் ரெண்டு. ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல. மொத்தம் எத்தனைன்னுதான் பாக்கணும். உனக்கு ஒம்போது. மோசமில்ல."

இவ்வளவும் சொன்னார். என் காதில் விழுந்தது 'இடது பக்கம் ரெண்டு' மட்டும்தான். ஒரு பக்கம் செத்த பக்கம் என்று அந்த மேஜை மேலேயே எனக்கு முடிவாகிவிட்டது.

மாதவிலக்கிலிருந்து எண்ணிப் பன்னிரண்டாம் நாள் திரும்ப வரச் சொன்னார்கள், போனோம். "இந்த மாசம் வலது பக்கம் ஒண்ணு நல்லா வளந்திருக்குது" என்றார் டாக்டரம்மா. முட்டை வெடிக்கும்போது சிலருக்கு அந்தப் பக்கம் சுருக்கென்று வலிக்கும், பயப்படாதே என்றும் சொன்னார். அடுத்த மாதத்துக்கு மாத்திரை எழுதினார். மாதவிலக்கான இரண்டாம் நாள் தொடங்கி ஐந்து நாள் போட வேண்டும், பன்னிரண்டாம் நாள் தவறாமல் ஸ்கேனுக்கு வர வேண்டும்.

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவிலேயே அவர் கணக்குப் போட்டுவிட்டார்.

"இந்த மாசம் வலது. அப்போ அடுத்த மாசம் இடதுதான?"

"ஆமா, பின்ன?" என்றேன்.

தறியில் உட்கார்ந்த எங்களுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. இரண்டு பக்கம் இருந்தால் முறை வைத்துத்தான் வேலை நடக்கும். வலது வீசினால் அடுத்தது இடது. இதைப் போய் டாக்டரிடம் கேட்பார்களா? அவர் தறிக்காலில் சாக்பீஸால் ஒரு 'வ' போட்டார், கீழே ஒரு 'இ', மறுபடி 'வ', மறுபடி 'இ'. ஒரு வருடத்துக்குப் போட்டு வைத்தார்.

'இ' மாதத்துக்கு எங்கள் வீட்டில் வெத்து மாசம் என்று பெயரே வந்துவிட்டது. இரண்டே முட்டை இருக்கிற பக்கத்துக்கு மாத்திரை எதற்கு வீணாக? ஸ்கேனுக்கு எதற்குப் போவது? வேண்டுதல், மாகறல் கோயில், சொந்தக்காரர் கல்யாணம் எல்லாம் வெத்து மாதத்தில். 'வ' மாதம் வந்தால் என்னைத் தறியில் உட்கார விடமாட்டார்கள், குலுங்கக் கூடாதாம். எதிர் வீட்டு சரோஜாக்கா வந்து என் இடத்தில் உட்காருவார். முக்கியமான நாட்கள் வந்தால் அத்தை, அதாவது என் மாமியார், துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நான் ஓரிக்கைக்குப் போயிட்டு வரேன், சாயந்திரம் ஆவும்" என்று கிளம்பிவிடுவார். ஓரிக்கை அவர் பிறந்த ஊர். முகத்தை எந்தப் பக்கம் திருப்பிக்கொள்வது என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்த மனுஷி செய்ததை வேறு யார் செய்வார்கள்?

மூன்றாம் மாதம், அதாவது இரண்டாவது 'வ', ஸ்கேனுக்குப் போனோம். போன மாதம் ஏன் வரவில்லை என்று டாக்டரம்மா திட்டினார். முகூர்த்த வேலை என்று சொல்லி மழுப்பினோம். பார்த்துவிட்டு, "வலது பக்கம்தான் வளந்திருக்குது" என்றார். அவ்வளவுதான், எங்கள் கணக்குக்கு முத்திரை குத்தின மாதிரி ஆகிவிட்டது. அவர் வெளியே வந்து, "நான் சொல்லல?" என்றார்.

எனக்குள் வேறொரு கணக்கு ஓடியது. அதை அவரிடமும் சொல்லவில்லை. இடதில் இரண்டு. இரண்டு வெத்து மாதம் வந்து போனால் அதுவும் தீர்ந்தது. வலதில் ஏழு. அது ஏழு 'வ' மாதத்துக்கு வரும். அதற்குப் பிறகு நான் காலி. நாலாம் மாதம் முடிந்த அன்று கிணற்றடியில் துணி துவைக்கும்போது, இடது பக்கம் இன்றோடு காலி என்று நினைத்தேன். துவைத்து முடித்த சட்டையையே மறுபடி துவைத்தேன்.

ஐந்தாம் மாதம் 'வ'. மாத்திரை போட்டு முடித்தாயிற்று. பதினோராம் நாள் காலை, நாடாவுக்குப் போடும் தாரில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். வலது அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு குத்து. மறுநாள்தான் ஸ்கேன். எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! டாக்டரம்மா சொன்ன அதே வலி, அதே பக்கம், சரியான மாதம். தறியில் இருந்தவரைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. பாதியில் எழுந்து குளிக்கப் போனார். சரோஜாக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி வீட்டுக்குப் போனார். அத்தை பையை எடுத்துக்கொண்டு ஓரிக்கைக்குக் கிளம்பினார்.

அவர் குளித்துவிட்டு வருவதற்குள் வலி மாறிவிட்டது. ஈரத்துணியை இரண்டு பேர் பிடித்துப் பிழிகிற மாதிரி ஒரு முறுக்கு. கொஞ்சம் விடும், மறுபடி முறுக்கும். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். நல்ல வலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "ரொம்ப நோவுதா?" என்று அவர் கேட்டபோது, "இல்லீங்க, நல்லா வெடிக்குது போல" என்றேன். பைத்தியக்காரி! பத்து மணிக்கு வாந்தி. பதினோரு மணிக்கு மறுபடி வாந்தி. எட்டிப் பார்த்த சரோஜாக்கா, "இன்னா தனம், அதுக்குள்ளவே நல்ல சேதியா?" என்று கேலி செய்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது.

"யோவ் ஏழுமல! பொண்ணு வெளுத்துப் போயிருக்குதுயா. நின்னுக்கினு இருக்கியே, ஆட்டோவக் கூப்புடுயா!"

எழுந்திருக்கப் போனேன். தரை மேலே வந்தது மட்டும்தான் நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேன் கருவியை வைத்த உடனே அவர் முகம் மாறியது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் நான் சாகப் போகிறேன் என்று முதல்முறையாகப் பயந்தேன். வலது சினைப்பையில் சாத்துக்குடி அளவுக்கு ஒரு நீர்க்கட்டி. அந்தப் பாரத்தில் சினைப்பை காம்போடு சேர்ந்து முறுக்கிக்கொண்டிருந்தது. முறுக்கினதால் அதற்கு ரத்தம் போகவில்லை. உடனே வயிற்றைத் திறக்க வேண்டும்.

"எப்போலேருந்து வலி?"

"காலையிலேருந்தும்மா."

"இவ்ளோ நேரம் ஏன் வரல?"

"நல்லதுன்னு நெனச்சேம்மா" என்றேன்.

ஸ்டெல்லா என் வீட்டுக்காரரிடம் ஒரு படிவத்தை நீட்டினாள். முறுக்கைப் பிரித்துவிட்டும் அதற்கு ரத்தம் திரும்பவில்லையென்றால் வலது சினைப்பையை எடுத்துவிட சம்மதம் என்று அதில் இருந்தது. அவர் பேனாவைப் பிடித்தார், கை நகரவில்லை. ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"அம்மா, அது நல்ல பக்கம்மா. எடுக்கறதுன்னா இடது பக்கத்த எடுத்துக்கங்க. அது காலி."

"என்னப்பா உளர்ற? முறுக்கிக்கினு இருக்கறது வலது. கையெழுத்துப் போடு, நேரமாவுது."

"கையெழுத்துப் போடாதீங்க!" என்று நான் கத்தினேன். வலது போனால் நான் எதற்கு? "செத்தாலும் பரவால்ல, போடாதீங்க!"

டாக்டரம்மா நின்றார். போன மாதம் ஸ்கேனுக்கு ஏன் வரவில்லை, அன்றே வந்திருந்தால் இந்தக் கட்டி தெரிந்திருக்குமே என்றார். "போன மாசம் இடதும்மா" என்றார் இவர். டாக்டரம்மாவுக்கு விளங்கவில்லை. இவர் அழுதுகொண்டே தறிக்கால், சாக்பீஸ், வெத்து மாசம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"முறை வெச்சு வருதுன்னு யாருப்பா சொன்னது? நான் சொன்னனா?"

"தறியில அப்படித்தாம்மா…"

"தறி இல்லப்பா இது. எந்தப் பக்கம் முந்திக்கிதோ அதுதான் அந்த மாசம். மூணு மாசம் தொடர்ந்து ஒரே பக்கம் வரும், அப்புறம் மாறும், யாராலயும் சொல்ல முடியாது. ஒரு பக்கத்த எடுத்துட்டாலும் மிச்சம் இருக்கறது மாசா மாசம் முட்டை விடும்." சொல்லிக்கொண்டே கையுறையை மாட்டினார். காஞ்சிபுரத்துக்காரர், எங்களுக்கு எது புரியும் என்று அவருக்குத் தெரியும். "கோர்வை இல்லாத புடவை நெய்ய எத்தனை பேர் வேணும்?"

"ஒருத்தர் போதும்மா."

"அப்போ கையெழுத்துப் போடு."

அவர் என்னைப் பார்த்தார். நான் நம்பவில்லை. நம்பாமலேயே தலையாட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே நான் இல்லாமல் போனேன், காது மட்டும் வேலை செய்தது. நடுவில் பச்சைத் துணி. அதற்கு அந்தப் பக்கம் கத்தரிக்கோல் சத்தம். முறுக்கைப் பிரித்துவிட்டார்கள் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது. சூடான உப்புநீரில் நனைத்த துணியை அதன் மேல் போட்டு, நிறம் திரும்புகிறதா என்று காத்திருந்தார்கள். சுவர்க் கடிகாரம் எனக்குத் தெரிகிற இடத்தில் இருந்தது, அது என் தலையெழுத்து. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். வா, வா, சிவந்துவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். என் உடம்பின் ஒரு பகுதியிடம் நானே பிச்சை கேட்டேன். கால் மணி நேரம் கழித்து டாக்டரம்மா துணிக்கு மேலே எட்டி என்னைப் பார்த்தார்.

"வரலம்மா" என்றார்.

எடுத்ததை ஒரு தட்டில் வைத்து வெளியே அவரிடம் காட்டினார்களாம், அது அங்கே வழக்கம். அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினார். "நல்ல அரக்கு நெறம் தனம்" என்றார். அதற்குப் பிறகு பல மாதம் அரக்கு நிறத்தில் புடவை ஆர்டர் வந்தால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். பட்டு நூல் கொடுத்து நெய்யச் சொல்கிற முதலாளி காரணம் கேட்டும் சொல்லவில்லை.

ஏழு நாள் படுத்திருந்தேன். வயிற்றில் தையல், கையில் டிரிப்ஸ். குடல் வேலை செய்ய ஆரம்பிக்கும்வரை தண்ணீர்கூடக் கிடையாது. அத்தை பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தார். ஓரிக்கையிலிருந்து திரும்பி வந்து விஷயம் தெரிந்த அந்த நிமிடத்திலிருந்து அவர் என் கட்டிலை விட்டு நகரவில்லை. "காத்து பிரிஞ்சுதா?" என்று ஸ்டெல்லா காலையில் ஒருமுறை கேட்பாள். அத்தை மணிக்கு ஒருமுறை, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்பார். இரண்டாம் நாள் சாயங்காலம் பிரிந்தது. அத்தை பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். மானம் போனது, தண்ணீர் கிடைத்தது.

எடுத்த கட்டியைச் சதைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள், அதில் கெட்ட நோய் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க. அந்த முடிவு வரும்வரை ராத்திரிகளில் தூக்கமில்லை. ஆறாம் நாள் ஒன்றுமில்லை என்று வந்தது. அதற்கே கும்பிட வேண்டும். ஆனால் என் மனசு அன்றைக்கே பழைய பயத்துக்குத் திரும்பிவிட்டது. நல்ல பக்கம் போயிற்று, இருப்பது காலிப் பக்கம். டாக்டரம்மா சமாதானத்துக்காகச் சொன்னார் என்றே நினைத்தேன். அத்தை பால் ஆற்றிக் கொடுக்கும்போது, "இன்னொரு கல்யாணம் பண்ணி வெச்சிருங்க அத்தை" என்றேன். டம்ளரை ணங்கென்று வைத்தார்.

"வாயக் கழுவு. உயிரோட வந்தியே, அது போதாதா? குடி, ஆறுது."

அதற்கடுத்த மாதத்தை உடம்பு தேற விட்டோம். அதற்கும் அடுத்த மாதம், மாதவிலக்கான மூன்றாம் நாள், எண்ணிப் பார்க்க வரச் சொன்னார் டாக்டரம்மா. தறிக்கால் கணக்குப்படி அது 'வ' மாதம். இல்லாத பக்கத்தின் மாதம். சாக்பீஸ் எழுத்தை யாரும் அழிக்கவில்லை. அழிக்கப் பயம்.

மேஜையில் படுத்தேன். கையை நீட்டினேன். ஸ்டெல்லா வந்து பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா எண்ணினார்.

"நாலு."

"ரெண்டுதானம்மா இருந்துச்சு? அதுவும் தீந்திருக்கணுமே?"

"தீர்றதா? அது அந்த மாசம் மேல தெரிஞ்சதுதாம்மா. உள்ள கண்ணுக்குத் தெரியாம இன்னும் கெடக்குது, மாசா மாசம் புதுசா கெளம்பும். ஒரு மாசம் ரெண்டு தெரியும், ஒரு மாசம் நாலு. கொறஞ்சா கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்ல."

அப்போதும் பயம் போகவில்லை. எண்ணிக்கை இருந்தால் போதுமா, வளர வேண்டாமா? பன்னிரண்டாம் நாள் தனியாகத்தான் போனேன். கெட்ட சேதியென்றால் வழியிலேயே அழுது முடித்துவிடலாம் என்று நினைத்தேன். திரையில் மற்றதெல்லாம் சாம்பல் நிறம், நடுவில் கருகருவென்று ஒரு வட்டம். இடது பக்கம். டாக்டரம்மா அதன் குறுக்கே கோடு போட்டு அளந்தார்.

"ஒண்ணு நல்லா வளந்திருக்குது."

"ஒண்ணுதானா?"

"ஒரு மாசத்துக்கு ஒண்ணு போதும்மா."

வீட்டுக்கு வந்தேன். அவர் தறிக்குழியில் கையில் நாடாவோடு, வீசாமல் உட்கார்ந்திருந்தார். அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். ஒரு விரலைக் காட்டினேன்.

"ஒண்ணா? இன்னா தனம், ஒண்ணுதானா?" அவர் முகம் செத்துப்போயிற்று.

"ஒண்ணு போதுமாம்" என்றேன்.

அத்தை என்னைப் பார்த்தார், தறிக்காலைப் பார்த்தார். முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, முந்தானையால் அந்த 'வ'வையும் அதற்குக் கீழே இருந்த எல்லா எழுத்தையும் துடைத்தார். ஆணியில் மாட்டியிருந்த துணிப்பையை எடுத்தார்.

"நான் ஓரிக்கைக்குப் போயிட்டு வரேன்" என்றார்.

அந்த மாதம் தங்கவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. வெத்து மாசம் என்று ஒன்று இல்லாததால் எல்லா மாதமும் பயந்தேன். அத்தை ஒரு மாதம்கூட விடாமல் பதினோரு தடவை ஓரிக்கைக்குப் போய் வந்தார். பன்னிரண்டாவது தடவை அவர் பையை எடுத்தபோது, வேண்டாம் அத்தை, எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று நான் வாசலில் போய்க் குறுக்கே நின்றேன்.